அப்பாவின் தையல்

2024 ஜூன் 3

அப்பாவின் குடலிறக்க அறுவை தள்ளிப்போய்விட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 236. இந்த அளவோடு கத்தி வைத்தால் தையல் சீழ் பிடிக்கும், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் மருத்துவர். பீடியையும் நான்கு வாரமாவது நிறுத்த வேண்டுமாம். “வயிற்றில் கத்தி வைப்பதற்கும் வாயில் பீடி வைப்பதற்கும் என்ன சம்பந்தம்?” என்றார் அப்பா. எனக்கும் அதே சந்தேகம்தான். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பிராணவாயு போதாத சதை சீக்கிரம் கூடாது, அந்த இடைவெளியில் கிருமி புகுந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார்.

ஜூலை 8

சேர்த்தாயிற்று. சர்க்கரை 132. ஆனால் அப்பா நேற்றே வீட்டில் பிளேடால் அடிவயிற்றை வழவழவென்று மழித்துக்கொண்டு வந்திருக்கிறார், டாக்டருக்கு வேலை மிச்சமாம். செவிலியர் தலையில் அடித்துக்கொண்டார். பிளேடு போடும் பொடிக் கீறல்களில்தான் கிருமி குடியேறும். முடி இடைஞ்சலாக இருந்தால் அவர்களே மெஷினால் கத்தரித்துவிடுவார்களாம்.

ஜூலை 9

முடிந்தது. குடல் மறுபடி பிதுங்காமல் தாங்க உள்ளே வலை வைத்திருக்கிறார்கள். கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள்தான் கிருமிக்கொல்லி ஊசி போட்டார்கள்.

ஜூலை 11

பக்கத்துக் கட்டில் பையனுக்கு வயது இருபதுதான் இருக்கும். சர்க்கரை இல்லை, பீடி இல்லை, ஆனாலும் தையலில் சீழ். குடல்வால் வெடித்த பிறகுதான் தூக்கி வந்திருக்கிறார்கள். கத்தி படுவதற்கு முன்பே வயிற்றுக்குள் அழுக்கு பரவியிருந்தது. அவன் அம்மாவோ நேற்று கொடுத்த முட்டையைக் குற்றம் சொல்கிறார். அத்தையும் அதே கட்சி. பருப்பும் முட்டையும் சீழ் வைக்கும் என்று அப்பாவின் தட்டிலிருந்த முட்டையை எடுத்துத் தானே சாப்பிட்டுவிட்டார். புரதம் இல்லாமல் காயம் எதை வைத்து ஆறும் என்று செவிலியர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. நான் அத்தையைத் தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன்.

ஜூலை 16

வீட்டுக்கு வந்து நான்கு நாள். தையல் ஓரம் சிவந்து, தொட்டால் சுடுகிறது. ஓடினோம். இரண்டு தையலைப் பிரித்துக் கழுவினார்கள். மேல்தோலோடு நிற்கிறது, வலைக்குப் போகவில்லை. சர்க்கரை பார்த்தால் 261! தெம்புக்கு என்று நாள் தவறாமல் சாத்துக்குடிச் சாறு பிழிந்து கொடுத்தது நான்தான். அறுவையின் அதிர்ச்சியே சர்க்கரையை ஏற்றும், அதற்கு மேல் நீங்கள் வேறா என்று கேட்டார் மருத்துவர்.

ஜூலை 19

சீழ்ப் பரிசோதனை முடிவு வந்தது: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். யாரிடமிருந்து ஒட்டியது என்று கேட்டேன். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூக்கிலேயே குடியிருக்கும் கிருமியாம், அப்பாவுடையதாகவே இருக்கலாம். திட்டுவதற்கு யாராவது கிடைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 4

புண் மூடிவிட்டது. வலை வைத்திருப்பதால் 90 நாள் வரை கண்காணிக்க வேண்டும். காலண்டரில் அக்டோபர் 7-ஐ வட்டமிட்டேன். “பீடிக்கும் அன்றைக்குத்தான் கெடு முடிகிறதா?” என்று அப்பா அப்பாவியாகக் கேட்டார். அவர் தூங்கியதும் சட்டைப் பையைத் துழாவினேன். தீப்பெட்டி மட்டும் இருந்தது.