பாலைவனத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்

வேக்குவம் கிளீனர்களால் ஆன ரயில் வண்டியொன்று பாலைவன மணலில் நிற்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எங்க ஊர்ல இவ்வளவையும் எடைக்குப் போட்டா ஒரு மூட்டை பேரீச்சம்பழம் கிடைக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வண்டி வரும் என்று சொன்னதும், இரும்பை வாங்கிக்கொண்டு எதற்காகப் பழம் தர வேண்டும் என்று இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள்.

கலிபோர்னியாவில், ஜோஷுவா ட்ரீ என்னும் சிற்றூருக்கு வெளியே, மண்சாலையோரமாகப் பத்து ஏக்கர் பரப்பில் கூரையின்றிக் கிடக்கிறது நோவா பியூரிஃபாய் என்ற கறுப்பினக் கலைஞரின் சிற்பவெளி. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதில் அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். 1917இல் அலபாமாவில் பிறந்த பியூரிஃபாய், 1965ஆம் ஆண்டுக் கலவரத்தில் லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதி எரிந்தபோது, அந்த இடிபாடுகளில் பொறுக்கியெடுத்தவற்றைக் கொண்டே சக கலைஞர்களோடு சேர்ந்து சிற்பங்கள் செய்தவர். 1989இல், எழுபதைக் கடந்த வயதில், இந்தப் பாலைக்குக் குடிவந்து, 2004இல் இறக்கும்வரை பிறர் வீசியெறிந்த டயர்களையும் கழிப்பறைக் கோப்பைகளையும் வைத்து ஓயாமல் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர்கள் இங்கே வந்தால், ஜன்னலோரம் நின்று திரும்பும் விமானத்துக்கு நாளெண்ணிக்கொண்டிருப்பார்கள்.

சற்றுத் தள்ளி இருந்த ஒரு படைப்பின் முன்னால்தான் எங்கள் பேச்சு நின்றது. 'வெள்ளையர்' என்று எழுதிய இடத்தில் ஒரு குடிநீர்க் குழாய். அருகிலேயே 'நிறத்தவர்' என்று எழுதி, குடிப்பதற்கு ஒரு கழிப்பறைக் கோப்பை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குழாய்களைக்கூட நிறம் பார்த்துப் பிரித்திருந்ததையும், 1964ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்ததையும் பள்ளியில் படித்திருந்த மகன், தாத்தாவுக்குப் பாடம் எடுத்தான். பொறுமையாகக் கேட்டு முடித்த அப்பா, "எங்க டீக்கடையிலயும் இருந்துச்சுப்பா" என்றார். உள்ளே பெஞ்சும் கண்ணாடி கிளாசும். வெளியே கூரைச் சரிவில் செருகியிருந்த கொட்டாங்குச்சிகள், பிற்காலத்தில் அலுமினியக் குவளைகள். வெளியே நின்று குடித்தவர்கள் தாங்களே கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

"நீங்க எதுல குடிச்சீங்க, தாத்தா?"

"கண்ணாடி கிளாஸ்ல."

"அப்போ அங்க நாமதான் வெள்ளைக்காரங்களா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எனக்கும் பதில் வரவில்லை. நம்மவர் கூடும் விருந்துகளில், நம் உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளித்த கடைக்காரி, நம்மைத் தாண்டிப் போன பதவி உயர்வு என்று அவமதிப்புகளை ஒன்று விடாமல் பேசித் தீர்க்கிறோம். நானும் என் பங்குக்குச் சொல்லியிருக்கிறேன். அதே விருந்தில், புதிதாக வந்தவரிடம் எந்த ஊர் என்று தொடங்கி, ஊரில் எந்தத் தெரு என்பதுவரை போய்விட்டுத்தான் சாம்பாரை ஊற்றுகிறோம். 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோதும், அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மறுத்தபோதும், இங்கே அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டவர்களும் அந்தத் தெருவை விசாரிப்பவர்கள்தாம். கடல் கடந்து வந்த சாமான்களில் கொட்டாங்குச்சியும் இருக்கிறது என்பதை ஓர் அலபாமாக்காரர் காட்டித்தர வேண்டியிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சோய்யா கள்ளித் தோட்டத்துக்குப் போனோம். எதிர்வெயிலில் பார்த்தால் செடி முழுவதும் பொன்னிற ரோமம் முளைத்தது போலிருக்கும். உண்மையில் அத்தனையும் கொக்கி வைத்த முள். லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கப் போனால் விரலையும் பற்றிக்கொள்ளும். மகளின் காலணியில் அப்படியொன்று ஏறிவிட, அதைச் சீப்பால் தள்ளிவிட வேண்டும் என்று படித்திருந்த நாங்கள் எல்லோரும் பைகளைத் துழாவினோம். சட்டைப்பையில் சீப்போடு வந்திருந்தவர் அப்பா ஒருவர்தான். குனிந்து, ஒரே சுண்டில் அதை மணலில் எறிந்தார்.

உதிர்ந்த கணுக்களே வேர்விட்டுப் புதுச் செடியாகின்றன என்று சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது. "முருங்கைக் கொம்பு மாதிரின்னு சொல்லு! ஒண்ணு எடுத்துக்கலாமா?" பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று பேரப்பிள்ளைகள் பதறினார்கள். "சரி, உன் கொல்லையில முருங்கை இருக்கா?" என்று என் பக்கம் திரும்பினார். வீடு வாங்கியதிலிருந்து இனி இதுதான் ஊர் என்று சொல்லித் திரியும் நான், கம்பளிப்பூச்சி வரும் என்பதால் வைக்கவில்லை என்றேன். இங்கே யார் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சியைப் பார்த்தேன்? பழைய வீட்டுக் கிணற்றடி மரத்தில், அம்மா தீப்பந்தம் கட்டிப் பொசுக்கிய பூச்சிகள் அவை. அப்பா அதை விடவில்லை. எந்த மூலையில் வெயில் படும், பக்கத்து வீட்டு வேலிக்கு எத்தனை அடி விட வேண்டும் என்று காரில் ஏறிய பிறகும் கேட்டுக்கொண்டே வந்தார்.