காலை புரிட்டோ: கடிப்பதற்கு முன் வெட்டிப் பாருங்கள்

டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டிக்குள் முட்டை, உருளைக்கிழங்கு, சீஸ் போன்றவற்றை வைத்துச் சுருட்டியதுதான் காலை புரிட்டோ. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து காலைச் சாப்பாட்டுக்குப் போனால் ஆளுக்கொரு புரிட்டோ சொல்ல வேண்டாம். மூன்று போதும், மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும். தட்டு மேசைக்கு வந்ததும் இரண்டு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். உருகிய சீஸ் சற்றே இறுகட்டும். பிறகு ரம்பப் பல் கத்தியால் நடுவில் சாய்வாக வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். அந்தச் சமையலறை எப்படி வேலை செய்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நன்றாகச் செய்த புரிட்டோவில் முட்டை மெத்தென்ற மடிப்புகளாக மஞ்சளாகக் கிடக்கும். உருளைக்கிழங்குத் துண்டுகளின் ஓரத்தில் பழுப்புக் கோடு ஓடும். சீஸ் இழையிழையாக எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும். டோர்ட்டியா உள்பக்கமும் ரொட்டியாகவே இருக்கும். சரியில்லாததில் வெட்டியவுடன் தட்டில் தண்ணீர் கசியும், டோர்ட்டியாவின் உள்பக்கம் கூழாகிப் பசைபோல ஒட்டும், ஒரு முனையில் முட்டை மட்டும் இன்னொரு முனையில் கிழங்கு மட்டும் இருக்கும். இவற்றில் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் ஒன்றுதான், ஈரம். சூடான பொருள்களை மாவு உறைக்குள் வைத்து நாலு பக்கமும் அடைத்துவிடுகிறோம். ஆவிக்குப் போக வழியில்லை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர், உருளைக்கிழங்கில் ஏறக்குறைய எண்பது சதவீதம். அந்தத் தண்ணீரைச் சுருட்டுவதற்கு முன்பே வெளியேற்றிய சமையல்காரர்தான் நல்ல புரிட்டோ தருவார்.

முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். கையில் பிடித்துத் தின்பது ஒன்று. தட்டில் வைத்து மேலே மிளகாய்ச் சாறும் சீஸும் ஊற்றி, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிடுவது இன்னொன்று. இரண்டாவதுக்குப் பேர்போன ஊர் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சான்டா ஃபே. அங்குள்ள டியா சோஃபியாஸ் உணவகம், ‘பிரேக்ஃபாஸ்ட் புரிட்டோ’ என்ற பெயரை 1975-ல் மெனுவில் முதலில் போட்டது தாங்கள்தான் என்கிறது. பேக்கனும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறிச் சீவல்) உருளைக்கிழங்கும் உள்ளே, மிளகாய்ச் சாறும் சீஸும் மேலே. அந்த மாநிலத்தில் எந்தச் சாதாரண உணவகத்தில் உட்கார்ந்தாலும் “சிவப்பா, பச்சையா?” என்று கேட்பார்கள். மாநிலத்தின் அதிகாரப்பூர்வமான கேள்வி என்றே சட்டமன்றம் அதை அறிவித்திருக்கிறது. இரண்டும் ஒரே செடியின் மிளகாய்தான். காயாகப் பறித்து நெருப்பில் சுட்டுத் தோலுரித்து நறுக்கினால் பச்சை, பழுக்கவிட்டுக் காயவைத்து அரைத்தால் சிவப்பு. பச்சையில் சுட்ட புகைமணமும் கடிபடும் துண்டுகளும் இருக்கும். சிவப்பு வழவழப்பாக, மண்வாசனையோடு இருக்கும். முடிவு செய்ய முடியாவிட்டால் “கிறிஸ்துமஸ்” என்று சொல்லுங்கள், பாதிக்குப் பாதி இரண்டும் வரும். முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

சாறு ஊற்றியது மேசைக்கு வந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் டோர்ட்டியா சாற்றை உறிஞ்சி நைந்துவிடும். ஃபாயிலில் சுற்றிய கைப்பிடி வகை அதுவரை காத்திருக்கும்.

இனி டோர்ட்டியா. காலை புரிட்டோவுக்குக் கோதுமை மாவு டோர்ட்டியாதான் சரி. சோள டோர்ட்டியா சிறியது, இவ்வளவு பொருளை வைத்து மடித்தால் பிளந்துகொள்ளும். இரண்டு முட்டைப் புரிட்டோவுக்கு 10 அங்குலம், மூன்று முட்டைக்கு 12 அங்குலம். டோர்ட்டியாவை ஆறவைத்தால் மாவிலுள்ள ஸ்டார்ச் இறுகி விறைத்துவிடும், மடிக்கும் இடத்தில் வெடிக்கும். அதனால்தான் எண்ணெயில்லாத சூடான கல்லில் ஒரு பக்கம் இருபது, முப்பது விநாடி போட்டுத் திருப்புகிறார்கள். அங்கங்கே சிறு கொப்புளமும் பழுப்புப் புள்ளியும் வந்தவுடன் எடுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் ஈரம் முழுக்கப் போய் மொறுமொறுப்பாகி, மறுபடியும் வெடிக்கும். சுட்டதைத் துணிக்குள் மூடி வைத்தால் சுருட்டும்வரை வளையும். விரலில் தொங்கவிட்டால் துணிபோல மடிந்து விழ வேண்டும், அதுதான் பதம்.

அதிகம் கெட்டுப்போவது உருளைக்கிழங்கு. பச்சைக்கிழங்கை நறுக்கி நேராக வாணலியில் போட்டால் வெளியே கருகும், உள்ளே வேகாது. ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, மேல்ஸ்டார்ச் போகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் மட்டும் வேகவிட்டு வடிக்க வேண்டும். வடித்ததை வடிகூடையிலேயே ஆவி அடங்கும்வரை விட வேண்டும். பலர் தாண்டிப் போகிற படி இது. மேற்பரப்பு உலர்ந்தால்தான் நிறம் பிடிக்கும். பிறகு அகலமான இரும்பு வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, முதல் நாலு நிமிடம் கிளறாமல் விட வேண்டும். குவித்துப் போட்டால் கிழங்கு ஆவியில் வேகுமே தவிர வறுபடாது. துருவி வறுத்த உருளைக்கிழங்கான ஹேஷ் பிரவுன் போடும் கடைகளில் மொறுமொறுப்பு கூடுதல். ஆனால் அதை எண்ணெய் வடியவிடாமல் அடைத்தால் நாலாவது கடியிலேயே திகட்டிவிடும்.

முட்டைக்கு மிதமான தீ. இரண்டு அல்லது மூன்று முட்டை, உப்பு, ஒரு தேக்கரண்டி வெண்ணெய். பால் ஊற்றத் தேவையில்லை, அது இன்னும் கொஞ்சம் தண்ணீரைச் சேர்ப்பதுதான். பெரிய மடிப்புகளாகத் தள்ளித் தள்ளி, ஓடும் திரவம் மறைந்து மேலே பளபளப்பு மட்டும் மிச்சமிருக்கும்போது எடுக்க வேண்டும். உறைக்குள் சூடு தொடர்ந்து வேலை செய்யும். அதிகம் வெந்தால் முட்டையின் புரதம் இறுகி, தன்னிடமிருக்கும் தண்ணீரைப் பிழிந்து விடுகிறது. தட்டில் கசிவது பெரும்பாலும் அதுதான். வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்களுக்கு: முட்டைக் கலவைக்குப் பாதுகாப்பான அளவு 71 டிகிரி செல்சியஸ்.

வாரக்கடைசிக் கூட்டத்தில் பல சமையலறைகள் முட்டையை மொத்தமாகக் கிளறிச் சூட்டுத் தொட்டியில் வைத்துவிடும். பொடிப்பொடியாக உதிர்ந்து, லேசான பச்சை கலந்த சாம்பல் நிறம் தட்டினால் வெகுநேரம் சூட்டில் இருந்த முட்டை என்று அர்த்தம். இதற்கு எளிய வழி, கிளறிய முட்டைக்குப் பதில் பொரித்த முட்டை கேட்பது. அதை அந்த நேரத்தில்தான் உடைத்துப் போட்டாக வேண்டும். மஞ்சள் கரு இறுகியதாகக் கேளுங்கள். ஓடும் கருவோடு சுருட்டினால் முதல் கடியிலேயே முழங்கைவரை வழியும்.

இறைச்சியில் பேக்கன், சாசேஜ், மிளகாய் சேர்த்த பன்றிக்கறி சாசேஜான சோரிசோ மூன்றும் வழக்கம். பேக்கனை மொறுமொறுப்பாக வறுத்து உடைத்துப் போட வேண்டும். நீளவாக்கில் அப்படியே வைத்தால் முதல் கடியில் முழுத் துண்டும் உருவிக்கொண்டு வெளியே வரும். மெக்சிகோ சோரிசோ பச்சைக் கறி, வறுக்கும்போது சிவந்த எண்ணெயை நிறையக் கக்கும். ஸ்பெயின் சோரிசோ பதப்படுத்திய கெட்டி வகை, அது வேறு பொருள். கக்கிய எண்ணெயை வடித்து, ஒரு கரண்டியை மட்டும் கிழங்கு வறுக்க வைத்துக்கொள்ளும் சமையல்காரர் கெட்டிக்காரர். அந்தக் கிழங்குக்கு வேறு மசாலாவே வேண்டாம்.

சைவம் சாப்பிடும் நண்பர் கூட இருந்தால் கறி வேண்டாம் என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மசித்து வறுத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். டோர்ட்டியா மாவிலும் அதே கொழுப்பு இருக்கலாம். பச்சை மிளகாய்ச் சாற்றில் பன்றிக்கறித் துண்டுகளோ எலும்புச் சாறோ இருக்கலாம். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு ஆர்டர் கொடுங்கள். பீன்ஸும் கிழங்கும் சுட்ட மிளகாயும் சீஸும் போட்ட புரிட்டோ கறியில்லாத குறையே தெரியாமல் நிறைவாக இருக்கும்.

சீஸ் மான்ட்டரே ஜாக் அல்லது செடார், 30 கிராம் போதும். அதை டோர்ட்டியாவின் மேல் முதலில் தூவி, அதற்கு மேல் சூடான முட்டையை வைத்தால் உருகி ஒரு படலமாகும். ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அது தடுக்கும். மேலே தூவினால் அந்தப் பயன் கிடைக்காது. பையில் துருவி விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் சேர்ப்பதால் உருகல் மந்தமாக இருக்கும். கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. தக்காளி சல்சா, புளித்த பாலேடான சவர் கிரீம், அவகாடோ மூன்றையும் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். குளிர்ந்த பொருள் உள்ளே போனால் முட்டையின் சூடு இறங்கிவிடும், சல்சாவின் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். கடிக்குக் கடி கரண்டியால் வைத்துத் தின்பதில்தான் ருசி.

சுருட்டுவதில் தவறு நேர்வது பேராசையால். 10 அங்குல டோர்ட்டியா ஒரு கப் அளவுக்கு மேல் தாங்காது. நடுவுக்குச் சற்றுக் கீழே, நீளவாக்கில் செவ்வகமாகப் பரப்ப வேண்டும். இரு பக்கமும் இரண்டு அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். கிழங்கு, முட்டை, கறி மூன்றும் நீளம் முழுக்க ஓடினால்தான் ஒவ்வொரு கடியிலும் எல்லாம் கிடைக்கும். முதலில் பக்கங்களை உள்ளே மடித்து, அவற்றை விரலால் பிடித்துக்கொண்டே கீழ்விளிம்பைத் தூக்கிப் பொருள்களின் மேல் போர்த்த வேண்டும். போர்த்தியதும் அப்படியே உருட்டிவிடக் கூடாது. விளிம்பைப் பொருள்களுக்கு அடியில் செருகி, நம் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்து இறுக்க வேண்டும். உள்ளே காற்று அகப்படாமல் செய்வது அந்த இழுப்புதான். பிறகு முன்னே உருட்டி, மடிப்பு வாய் கீழே இருக்கும்படி எண்ணெயில்லாத கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடைசி நிமிடத்தைச் செலவழிக்கும் கடைகளை மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஃபாயிலை முழுக்க உரிக்காமல், கடிக்கக் கடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டு வாருங்கள். எடுத்துப் போவதாக இருந்தால் உள்ளே காகிதமும் வெளியே ஃபாயிலுமாகச் சுற்றச் சொல்லுங்கள், காகிதம் ஆவியை உறிஞ்சும். வெறும் ஃபாயிலில் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தால் டோர்ட்டியா பிசுபிசுக்கத் தொடங்கும்.

மிச்சமான பாதியை மேசையிலேயே விட்டுப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். முட்டையும் கறியும் இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். மூன்று நாளைக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. சூடுபடுத்தும்போது ஃபாயிலைக் கழற்றி, ஈரக் காகிதத் துண்டில் சுற்றி, மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் ஒன்றரை நிமிடம் வையுங்கள். முழுச் சக்தியில் ஓரம் தோலாகிவிடும், நடு சில்லென்றே இருக்கும். நடுப்பகுதி 74 டிகிரிக்கு வந்ததும் வெறும் வாணலியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டால் மேல்தோல் மறுபடி மொறுமொறுப்பாகும். வீட்டில் மொத்தமாகச் சுருட்டி உறையவைப்பவர்கள் முட்டையையும் கிழங்கையும் தட்டில் பரப்பி ஆவி அடங்க ஆறவிட்ட பிறகே சுருட்ட வேண்டும். சூட்டோடு சுருட்டினால் உள்ளே படியும் ஆவி பனியாக உறையும், சூடுபடுத்தும் நாளில் அது தண்ணீராகத் திரும்பி வரும்.