இடுப்பில் வைக்க ஒரு சின்னக் கத்தி

மடக்காத சின்னக் கத்தி வாங்குபவர்கள் முதலில் அலகைப் பார்க்கிறார்கள். உறையைப் பாருங்கள். கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறினால் விழக்கூடாது. உருவும்போது 'டக்' என்று விடுபட வேண்டும். தோல் உறை வியர்வையில் ஊறினால் இரும்பு துருப்பிடிக்கும். நம்ம ஊர் வெயிலுக்குக் கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறைதான் சரி.

அலகு 6 முதல் 8 செ.மீ. போதும். கனம் 2.5 மி.மீ. சுற்றி இருந்தால் கயிறு, அட்டைப்பெட்டி, பழம் எல்லாம் சுலபமாக வெட்டும். 4 மி.மீ. கனம் பார்க்க கம்பீரம், ஆனால் ஆப்பிளை வெட்டாது, பிளக்கும். 1095 கார்பன் ஸ்டீல் எளிதில் சாணை ஏறும், எண்ணெய் போடாவிட்டால் துரு. கடலோரத்துக்காரர்கள் 14சி28என் மாதிரி துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

பிடியில் மூன்று விரலாவது முழுசாக உட்கார வேண்டும். ஈரக் கையோடு பிடித்துப் பாருங்கள். விரலுக்கு முன்னால் தடுப்போ பள்ளமோ இல்லையென்றால், குத்தும் விசையில் கை வழுக்கி அலகின் மேல் ஏறும். அறுபடுவது உங்கள் விரல்தான்.

இதனால்தான் தற்காப்புக்கென்று கத்தி வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். கைகலப்பில் அது எதிராளி கைக்குப் போக ஒரு நொடி போதும். ஓட வழியிருந்தால் ஓடுங்கள், 112 அழையுங்கள்.

இந்திய ஆயுத விதிகளில் அலகுக்கு 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று வரம்பு உண்டு. பிரிட்டனில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் மடக்காத கத்தி வைத்திருந்தால், எவ்வளவு சின்னதானாலும் குற்றம். விமானத்தில் கைப்பையில் வேண்டாம்.