கோப்பின் முதல் தாள்

கனடாவின் வின்னிபெக்கில் பிரசவ வார்ட் ஒன்றில் தாதியாகச் சேர்ந்த முதல் வருடங்களில், சில தாய்மாரின் கோப்பைத் திறந்தால் முன்னுக்கே ஒரு தாள் இருக்கும். சிறுவர் நலத்துறை அனுப்பியது. தாயின் பெயர், பிறந்த திகதி, பிரசவத்துக்குக் குறித்த நாள். கீழே, பிள்ளை பிறந்ததும் அறிவிக்கவும் என்று ஒரு வரி. 'பேர்த் அலேர்ட்' என்போம். அறிவித்தால் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துப்போகவும் வருவார்கள். நான் பார்த்த அநேகமான தாள்களில் இருந்தவை பூர்வகுடிப் பெண்களின் பெயர்கள். அறிவிக்கிற அந்த போனை நானும் எடுத்திருக்கிறேன்.

ஒருத்தியை இன்றுவரை மறக்க முடியவில்லை. பத்தொன்பது வயது. வடக்கே, றோட்டுப் போகாத ஊர். அந்தப் பக்கத்துக் கர்ப்பிணிகளை நாள் நெருங்கும்போது விமானத்தில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தனியாகத்தான் வந்திருந்தாள். பையில் அம்மம்மா தைத்துக் கொடுத்த ஒரு சோடிக் குட்டிச் சப்பாத்து. மூஸ் மானின் தோல், மேலே நீலமும் வெள்ளையுமாக மணிவேலை. புகையில் பதப்படுத்திய தோல் என்பதால் அந்த அறையில் விறகடுப்பு வாசம் அடித்தது.

சிசேரியன். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது: "அவையள் வாறதுக்கு முதல் ஒருக்காப் பால் குடுக்கலாமோ?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள். என் காதில் இப்படித்தான் விழுந்தது.

அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவளும் அரச பராமரிப்பில் வளர்ந்தவள். தாளில் காரணம் என்று எழுதியிருந்ததும் அதுதான்.

பின்னேரம் இரண்டு பேர் கார் சீற்றுடன் வந்தார்கள். சப்பாத்து மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது அவளுக்கு. குளிர்ந்த துணி வைத்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அந்தத் தாளின் வேரைத் தேடிப் படித்தது பிறகுதான். 1876ஆம் ஆண்டின் 'இந்தியன் சட்டம்' (பூர்வகுடிகளை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்), பூர்வகுடி யார் என்று தீர்மானிக்கும் உரிமையை அரசிடம் கொடுத்தது. வெளியாளைக் கல்யாணம் செய்த பெண் பூர்வகுடி என்ற உரித்தையே இழந்தாள். ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. 1985 வரை இதுதான் நிலைமை. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துவைத்த வதிவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன பிள்ளைகள் ஏறக்குறைய 1,50,000 பேர். கொடுக்க மறுத்த வீட்டு வாசலுக்குப் பொலிஸ் போனது. சப்பாத்துத் தைத்த அம்மம்மாவும் அப்படிப் போனவர்தான். கடைசிப் பள்ளியை மூடியது 1990களின் பிற்பகுதியில்தான். பிள்ளை எடுப்பது நிற்கவில்லை. 2021 குடித்தொகைக் கணக்கில் பதினைந்து வயதுக்குட்பட்டோரில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 வீதம், வளர்ப்பு வீடுகளில் இருப்போரில் 53.8 வீதம்.

2014 ஓகஸ்டில் றெட் ஆற்றிலிருந்து எடுத்தார்களே ரீனா ஃபொன்ரெய்ன் என்ற பதினைந்து வயதுப் பிள்ளையின் உடலை, அவளும் சிறுவர் நலத்துறையின் பொறுப்பில் இருந்தவள். அவளை ஒரு ஹொட்டலில் தங்கவைத்திருந்தார்கள். அதே வருடம் மத்திய பொலிஸ் வெளியிட்ட கணக்கில், 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் 1,017 பேர், காணாமற்போய் இன்னும் கிடைக்காதவர்கள் 164 பேர், மொத்தம் 1,181.

என் வேலையில் நான் பார்த்தது இதன் ஒரு சின்ன மூலை. புயத்தில் விரல் பதிந்த கண்டல் இருக்கும். கேட்டால், படியில் சறுக்கி விழுந்ததாகச் சொல்வார்கள். எனக்கும் தெரியும், நம்புவதற்கில்லை என்று. வீட்டில் அடி விழுகிறது என்று வாய் திறந்தால் அதுவே பிள்ளையை எடுக்கக் காரணமாகிவிடும். பொலிஸைக் கூப்பிடவா? அம்மம்மாவைக் கொண்டுபோன உடுப்பல்லவா அது. அடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு யார் கொடுப்பார்கள்? அந்தப் பாதுகாப்பில் என் போன் அழைப்புகளுக்கும் பங்கிருக்கிறது. சட்டப்படி செய்தேன் என்று சொல்லி அதிலிருந்து நான் விலக மாட்டேன்.

கொல்லப்பட்ட, காணாமற்போன பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய தேசிய விசாரணை ஆணையம் 2019இல் முன்வைத்த 231 கோரிக்கைகளில், இந்தத் தாளை நிறுத்தச் சொன்னதும் ஒன்று. எங்கள் மாகாணமான மனிடோபாவில் 2020 யூலை 1 முதல் நிறுத்தினார்கள்.

அதற்கடுத்த மாரியில் ஓர் இரவு வேலை. வடக்கிலிருந்து வந்த இன்னொருத்தி, பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கேட்டாள்: "என்ர பேரில அந்தத் தாள் வந்திருக்கோ?"

இல்லை என்றேன். முகம் மாறவில்லை. கோப்பை எடுத்துவந்து, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். கடைசித் தாள்வரை பார்த்தாள். பிறகுதான் பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் குளிக்கப் போனாள்.