டவுன்பீட்டுக்கு ஏற்ற சிம்பல்கள்

2024 அக்டோபர் 5, சனி

டிரம்ஸ் ஒருவழியாக வாசிக்கத் தயார். 1966-இல் சிகாகோவில் லுட்விக் கம்பெனி செய்த டவுன்பீட் செட்: 20 இஞ்ச் பேஸ் டிரம், 12 இஞ்ச் டாம், 14 இஞ்ச் ஃப்ளோர் டாம். வெளியே மினுமினுக்கும் ஷாம்பெயின் நிற உறை, உள்ளே வெள்ளைப் பெயிண்ட். மரம் மூன்றே அடுக்கு. நடு அடுக்கு பாப்லர், விளிம்பைத் தாங்க ஒரு மேப்பிள் வளையம். அந்த விளிம்பும் இன்றைய டிரம்களில் இருப்பதுபோல் கூராக இல்லை, சற்று உருண்டிருக்கிறது. தோல் மரத்தில் நன்றாகப் படிந்து உட்காருகிறது. அதனால் ஓசை இதமாக எழுந்து சீக்கிரமே அடங்கிவிடுகிறது. பேஸ் டிரம்மின் முன்தோலில் ஓட்டை போடவில்லை. ஓசையை அடக்கப் பின்தோலில் ஒரு ஃபெல்ட் பட்டை, அவ்வளவுதான்.

இதோடு என்னிடம் ஏற்கெனவே இருந்த ராக் ரைடை மாட்டினேன். ரைடு என்றால் தாளத்தை ஓட்டிக்கொண்டே போகும் பெரிய சிம்பல், அதாவது வெண்கலத் தட்டு. 20 இஞ்ச், எடை 2,900 கிராம். வாசிக்கத் தொடங்கியதுமே ரைடு அறை முழுக்கக் கத்துகிறது, டாம் எங்கேயோ பக்கத்து வீட்டில் கேட்கிறது. டிரம்மைப் பலமாக அடித்துச் சரிக்கட்டவும் முடியாது. ஓர் அளவுக்கு மேல் அடித்தால் இந்த மரத்தில் ஓசை வளராது, தட்டையாகிவிடும். சிம்பல்தான் இறங்கி வரவேண்டும்.

டிரம்ஸோடு வந்த தட்டைக்கால் ஸ்டாண்டும் அதையேதான் சொல்கிறது. அந்த எடையை மாட்டினால் காற்றடித்த மாதிரி ஆடுகிறது. அந்தக் காலத்தில் இதில் என்ன எடைக்குச் சிம்பல் தொங்கியிருக்கும் என்று ஸ்டாண்டைப் பார்த்தே ஊகிக்கலாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

பழைய டிரம்ஸ் வைத்திருப்பவர்கள் லுட்விக் என்றால் இந்தச் சிம்பல், கிரெட்ச் என்றால் அந்தச் சிம்பல் என்று பெயரைப் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். இன்று மாலை அந்த ஜோடிகள் எப்படி வந்தன என்று படித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளில் கிரெட்ச் வாசித்த ஜாஸ்காரர்கள் பலரிடம் இஸ்தான்புல்லில் கையால் அடித்த கே ஜில்ஜியன் சிம்பல் இருந்தது. அமெரிக்காவில் அதை இறக்குமதி செய்து விற்றதே கிரெட்ச்தான். ஸ்விட்சர்லாந்தின் பைஸ்டி சிம்பலை அங்கே விற்றது லுட்விக். காதால் சேர்ந்த ஜோடி எது, சரக்கு வந்த வழியால் சேர்ந்த ஜோடி எது என்று இன்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதனால் பெயர்ப் பொருத்தம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு வழிகாட்டியது வேறொரு செய்தி. அவெடிஸ் ஜில்ஜியன் 1929-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குவின்சியில் சிம்பல் தொழிற்சாலை தொடங்கினார். ஜீன் க்ருபா மாதிரி டிரம்மர்கள் அவரிடம் கேட்டது மெல்லிய சிம்பல். சட்டென்று திறந்து சட்டென்று அடங்கவேண்டும், மற்ற வாத்தியங்களை மூடக்கூடாது. இந்த டிரம்மும் அந்தத் தேவையின் வழியில் வந்ததுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

பழைய வாத்தியங்கள் விற்கும் கடையில் பகல் முழுக்க இருந்தேன். கையோடு என் 12 இஞ்ச் டாமையும், அடியில் கம்பிச்சுருள் கட்டிய ஸ்னேர் டிரம்மையும் ஒரு சமையலறைத் தராசையும் கொண்டுபோயிருந்தேன். சிம்பலைத் தனியாகத் தட்டிப் பார்த்து வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனியாகக் கேட்டால் நீண்டு ஒலிப்பதெல்லாம் அழகாகத்தான் இருக்கும். டாமில் இரண்டு அடி, ரைடில் நாலு அடி என்று மாற்றி மாற்றி வாசித்தால்தான் இரண்டும் ஒரே அறையில் குடியிருக்குமா என்பது தெரியும்.

முதலில் ஒரு புது 20 இஞ்ச், பளிச்சென்று மெருகேற்றியது, 2,600 கிராம். குச்சி நுனி பட்ட ஒவ்வொரு அடியும் துல்லியமாகக் கேட்டது. ஆனால் ஸ்னேரில் மெதுவாக விழும் அடிகளை அது விழுங்கிவிட்டது. கீழே வைத்துவிட்டேன்.

அடுத்தது அவெடிஸ் கம்பெனியின் அறுபதுகளின் ஏ ஜில்ஜியன், அதே 20 இஞ்ச், 1,990 கிராம். உலோகத்தில் குத்திய முத்திரை மட்டும்தான், மையில் அச்சடித்த பெரிய எழுத்து எதுவும் இல்லை. சுதி என் டாமுக்கு மேலே, ஆனால் வெகுதூரம் போகவில்லை. குச்சிச் சத்தம் தெளிவாக இருக்கிறது, அதன் அடியில் மெல்லியதாக விரியும் ஒரு ஒலிப் பரப்பு. வேகமாக வாசித்தாலும் அந்தப் பரப்பு ஏறிவந்து அடியை மூடவில்லை. நடுவில் இருக்கும் குமிழ், அதாவது பெல், சிறியது, மணியோசை கொஞ்சம்தான். எனக்கு அதுவே போதும்.

பிறகு இன்றைய துருக்கிச் சிம்பல் ஒன்று, 22 இஞ்ச், 2,340 கிராம். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்க அவ்வளவு சுகம். கீழ்ச்சுதி, கறுத்த ஓசை. இதை மனசு விடவில்லை.

எடை ஏன் இவ்வளவு பேசுகிறது? ஒரே அகலத்தில் தடிமன் கூடினால் சுதி ஏறும், ஒலி நீளும், அடி கூர்மையாகும். தடிமன் குறைந்தால் சுதி இறங்கும், சிம்பல் லேசான அடிக்கே திறந்துகொள்ளும். ஆனால் எடையோடு எல்லாம் முடிந்துவிடாது. நடுவில் கனத்து ஓரத்தில் மெலிந்த சிம்பலும், எங்கும் ஒரே தடிமனான சிம்பலும் தராசில் ஒரே எண்ணைக் காட்டினாலும் காதுக்கு வெவ்வேறுதான். வளைவும் சுத்தியல் அடியும் வேறு சேர்ந்துகொள்ளும். எந்தெந்தச் சிம்பலைப் போய்த் தொட்டுப் பார்ப்பது என்று சொல்லத்தான் எடை.

கடையில் பைஸ்டி 2002 வரிசையும் இருந்தது. 1971-இல் வந்தது, செம்பு 92 பங்கு, வெள்ளீயம் 8 பங்கு. லெட் செப்பெலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பானம் 26 இஞ்ச் பேஸ் டிரம் வைத்து அடித்த அடிக்கு அந்த வெளிச்சமான ஓசை தேவைப்பட்டது, பொருந்தவும் செய்தது. அவர் டிரம்மும் லுட்விக்தான்! ஆனால் என் 20 இஞ்ச் பேஸ் டிரம் அந்த ஊர்க்காரன் இல்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். ஏ ஜில்ஜியனையும் 22 இஞ்சையும் ஒத்திகைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

அக்டோபர் 14, திங்கள்

இந்த இரண்டு சிம்பலும் பி20 வெண்கலம்: செம்பு 80, வெள்ளீயம் 20. இவ்வளவு வெள்ளீயம் சேர்த்த உலோகத்தை ஆறிய நிலையில் அடித்தால் நொறுங்கும். செக்கச்செவேலென்று காய்ச்சி உருட்டி, மறுபடி காய்ச்சி உருட்டி, கடைசியில் சூட்டோடு தண்ணீரில் தோய்த்தால்தான் சுத்தியலுக்கு இசைந்து கொடுக்கும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களிலும் வெள்ளீயம் இதைப்போலவே அதிகம், 23 சதவீதத்தை ஒட்டி வரும். அவற்றையும் காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்த்தே செய்திருக்கிறார்கள். சிம்பலைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது பெருமையாக இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று ஹை-ஹாட், காலால் மிதித்து மூடும் சிம்பல் ஜோடி. அறுபதுகளின் 14 இஞ்ச் ஜோடி கிடைத்தது. மேலது 770 கிராம், கீழது 950. கீழது கனமாக இருந்தால் மிதிக்கும்போது ‘சிக்’ என்று அழுத்தமாக விழும். மேலது மெலிந்திருந்தால் குச்சிக்கு மென்மையாகப் பேசும். இரண்டும் சேர்ந்து ஸ்னேருக்கு இடம் விடுகின்றன.

பழைய சிம்பல் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: முதலில் நடுத்துளையைப் பாருங்கள். ஸ்டாண்டின் பிளாஸ்டிக் குழாய் தேய்ந்துபோய், சிம்பல் வெறும் மரையில் வருஷக்கணக்கில் ஆடியிருந்தால், வட்டத்துளை சாவித்துவாரம் மாதிரி நீண்டிருக்கும். லேசாக இருந்தால் பரவாயில்லை. அப்புறம் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு விரிசலைவிட மோசமானது லேத்தில் கடைந்த வரியோடு வட்டமாக ஓடும் விரிசல். வரிக்குள் ஒளிந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஓசை கரகரக்கும். இன்று அப்படித்தான் ஓர் அருமையான 18 இஞ்ச் க்ராஷை, அழுத்தம் வேண்டிய இடத்தில் அடிக்கும் சிம்பலை, விட்டுவிட்டு வந்தேன். விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தலாம் என்பார்கள். சில நேரம் நிற்கும். வட்ட விரிசலில் நான் அதை நம்பமாட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஒத்திகை. பியானோ, டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம், நான். இரண்டு ரைடையும் மாற்றி மாற்றி மாட்டினேன். பேஸ் வாசிக்கும் தம்பி மதுரைக்காரர். ஏ ஜில்ஜியனில் ஒரு பாட்டு முடிந்ததும் சொன்னார்: “அண்ணே, அந்த ராக் ரைடு இருந்தப்போ என் நோட்டு எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாது. இதுல கடைசி வரைக்கும் கேக்குது.”

“அப்போ 22 வேண்டாமா?”

“நான் வேண்டாம்னு சொல்லலண்ணே. நீங்க முன்னாடி போய் நின்னு ஒரு தடவை கேளுங்க.”

பியானோக்காரருக்குக் கொஞ்சம் டிரம்ஸ் வரும். அவரை உட்காரவைத்துவிட்டு அறைக் கோடியில் போய் நின்றேன். ஸ்டூலில் அவ்வளவு சுகமாக இருந்த 22 இஞ்ச் அங்கே வெறும் மூட்டமாக வந்தது. அடி எது, எதிரொலி எது என்று பிரியவில்லை. 20 இஞ்சின் ஒவ்வொரு அடியும் வந்து சேர்ந்தது. டாமும் தன் முழு உருவத்தில் கேட்டது. முடிவாகிவிட்டது. மனசுக்குக் கொஞ்சம் வலிதான், அந்த 22 அப்படிப்பட்ட சிம்பல். பெரிய கூடத்தில் வேறு யாராவது அதை நன்றாக வாசிப்பார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

க்ராஷ் வந்துவிட்டது. 18 இஞ்ச், 1,260 கிராம். புதுசு, இஸ்தான்புல்லில் செய்தது. அங்கே பழைய கே பட்டறை ஓய்ந்தபின், 1980-இல் மெஹ்மத், அகோப் என்ற இரு கைவினைஞர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அகோப் 1996-இல் மறைந்ததும் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்றின் சிம்பல் இது. 58 வயது டிரம்மோடு நேற்றுப் பிறந்த சிம்பல் சேருமா என்றால், சேருகிறது. லேசாகத் தொட்டாலே திறக்கிறது, டாம் அடங்கும் நேரத்துக்குள் தானும் அடங்குகிறது. தேவைப்பட்டால் இதையே இரண்டாவது ரைடாகவும் ஓட்டலாம்.

ஏ ஜில்ஜியனைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருவதாக ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். மெருகுச் சக்கரத்தின் சூடும் உராய்வும் முத்திரையையும் லேத் வரியையும் தேய்த்துவிடும், ஓசையும் மாறிப்போகும். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, பருத்தித் துணி போதும். எல்லா ஸ்டாண்டிலும் பிளாஸ்டிக் குழாயையும் ஃபெல்ட்டையும் மாற்றியாயிற்று. இந்த எடைக்குத் தட்டைக்கால் ஸ்டாண்டு ஆடவில்லை.

ரைடில் துளை போட்டு, அடிக்கும்போது சலசலக்கும் சின்ன ஆணிகளை, அதாவது ரிவெட், போடலாமா என்ற யோசனை ஒன்று மிச்சம் இருக்கிறது. மெதுவான பாலட் பாட்டு வாசிக்கும்போது, சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி அந்தச் சலசலப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இந்த வயதுச் சிம்பலில் துளை போட்டால் போட்டதுதான். இப்போதைக்கு மேலே தொங்கவிடும் சின்னச் சங்கிலி ஒன்று வாங்கியிருக்கிறேன். வேண்டாத பாட்டில் கழற்றி வைத்துவிடலாம்.