ஒரே புற்றுசெல், இரண்டு வகை எலிகள்

விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் எலிகளில் புற்றுச் சோதனை செய்ய அனுமதி கேட்கும் என் ஃபார்ம் பி விண்ணப்பம் வந்தபோது, அறிவியல் துறை சாராத உறுப்பினர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: "எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குக் கட்டி வேகமாக வளரும் என்பது தெரிந்ததுதானே? அதற்கு எதற்கு இத்தனை உயிர்கள்?" அந்தக் கூட்டத்திலேயே நல்ல கேள்வி அதுதான்.

அது எளிதில் தெரியவந்த விஷயம் அல்ல என்று விளக்கினேன். ரோமமில்லாத நியூட் எலிக்கு, டி செல்கள் எனும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் முதிர்ச்சியடையும் தைமஸ் சுரப்பி இல்லை என்பது 1968-இல் தெரியவந்தது. மறு ஆண்டே டென்மார்க்கில் மனிதக் குடல் புற்றை அதன் உடலில் வளர்த்துவிட்டார்கள். ஆனால் 1974-இல் ஓசியாஸ் ஸ்டட்மன், புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருளை நியூட் எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நோயெதிர்ப்பு மண்டலம் புற்றைக் கண்காணிக்கிறது என்ற கருத்தே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. காரணம் பின்னர்தான் புரிந்தது: நியூட் எலியிடம் புற்றுசெல்லைக் கொல்லக்கூடிய என்.கே. செல்கள் எனும் வேறு வகை வெள்ளணுக்கள் நன்றாகவே இருக்கின்றன, டி செல்களும் சிறிது உண்டு. 2001-இல் ராபர்ட் ஷ்ரைபர் குழு, ராக்-2 மரபணு நீக்கப்பட்டதால் டி செல், ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் பி செல் இரண்டுமே அறவே இல்லாத எலிகளில் சோதித்தபோது கட்டிகள் கூடுதலாக வந்தன. அவற்றை ஆரோக்கியமான எலிகளுக்கு மாற்றியபோது கணிசமானவை வளராமல் அழிந்தன.

எந்தச் செல் எவ்வளவு தடுக்கிறது என்பதே என் கேள்வி. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி அனுமதி தந்தார்கள்.

சிடி26 எனும் எலிக் குடல் புற்றுசெல்களை, பால்ப்/சி வம்சத்துச் சாதாரண எலிகளுக்கும் அதே வம்சத்து நியூட் எலிகளுக்கும் விலாத் தோலுக்கடியில் செலுத்தினேன். நோய் எளிதில் தொற்றும் என்பதால் நியூட் எலிகளுக்கு ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கிய தீவனம், வடிகட்டிய காற்று வரும் கூண்டு. ரோமம் இல்லாததால் கட்டியை நோக்கி ஓடும் மெல்லிய சிவப்பு நாளங்கள்கூடத் தெரியும்; சாதாரண எலிக்கு மழித்துவிட்டுத்தான் கட்டியை அளக்கும் காலிபரை வைக்க வேண்டும். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு கிடைக்கும்.

எதிர்பார்த்தபடி நியூட் எலிகளில் கட்டி முந்திக்கொண்டது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மூன்றாவது குழு: புற்றுசெல்லை நேரடியாகக் கொல்லும் சிடி8 வகை டி செல்களை மட்டும் ஆன்டிபாடியால் நீக்கிய சாதாரண எலிகள். அவற்றின் கட்டிகளும் ஏறக்குறைய நியூட் எலிகளின் வேகத்தையே பிடித்தன; அதாவது தடுப்பில் பெரும்பங்கு சிடி8 செல்களுடையது.

இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று. கட்டி அனுமதித்த அளவு வரம்பைத் தொட்ட எலியை வதைக்காமல் கருணைக்கொலை செய்துவிட வேண்டும். அதன்பின் எஞ்சியவற்றுக்குச் சராசரி போட்டால், பெரிய கட்டிகள் கணக்கிலிருந்து விலகிவிடுவதால் வளர்ச்சி தணிந்ததுபோலப் பொய்யாகத் தோன்றும். ஒவ்வொரு எலிக்கும் தனிக்கோடு வரையுங்கள்.