வைத்திக்குப்பத்துக்கு வரும் சாமிகள்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மஞ்சள் சுவர் வீடுகளையும் நீலப் பலகையில் எழுதிய பிரெஞ்சுத் தெருப் பெயர்களையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அழகான தெருக்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் முழுக்க வீட்டைவிட்டு வெளியே வந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமா, மாசி மகத்துக்குப் போங்கள். மாசிப் பௌர்ணமியை ஒட்டி மக நட்சத்திரம் வரும் நாள். அன்றைக்கு அங்கே உள்ளூர் விடுமுறையே உண்டு.

முதல் நாள் இரவே நான் போய்விட்டேன். திருவிழாவின் பாதி அழகு சாமிகள் ஊருக்குள் வருவதில்தான் இருக்கிறது. மயிலம் முருகன் வருகிறார், தீவனூர் விநாயகர் வருகிறார், திண்டிவனத்திலிருந்து சீனிவாசப் பெருமாள் வருகிறார். பூ அலங்காரமும் சீரியல் பல்புமாக டிராக்டர் மேல் ஒரு சப்பரம், அதை ஒட்டி ஜெனரேட்டர் வண்டி, முன்னால் தவில். வாசலில் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு பெண்கள் காத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு எதிரே வண்டி நிற்கிறது, கற்பூரம் காட்டுகிறார்கள், அப்புறம் நாலு வீடு தள்ளி மறுபடி நிற்கிறது. ஒரு தெருவைக் கடக்கவே நேரமாகிறது. யாருக்கும் அவசரம் இல்லை.

காலையில் வைத்திக்குப்பம். கடற்கரைச் சாலையின் வடகோடி தாண்டி, குருசுக்குப்பத்துக்கும் அப்பால் இருக்கும் மீனவர் குப்பம் அது. மணக்குள விநாயகர் உட்பட உள்ளூர்ச் சாமிகளும் சுற்று வட்டாரச் சாமிகளும் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். பெருமாளுக்கு அடுத்து அங்காளம்மன், அம்மனுக்கு அடுத்து பிள்ளையார். நாதஸ்வரம் ஒரு பக்கம், பம்பை உடுக்கை ஒரு பக்கம். தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏந்தி ஒவ்வொரு சப்பரமாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள் மக்கள். கரையோரம் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கத்திலேயே பிள்ளைகள் பலூனுக்கு அடம்பிடிக்கிறார்கள்.

தீர்த்தவாரி நேரத்தில், அதாவது சாமி நீராடும் நேரத்தில், சாமியின் ஆயுத வடிவமான அஸ்திரதேவரைக் கடலுக்குள் கொண்டுபோய் முழுக்காட்டினார்கள். கூடவே கூட்டமும் இறங்கியது. மயிலாப்பூரில் நடந்த மாசிக் கடலாட்டைச் சம்பந்தர் தம் பதிகத்தில் சொல்கிறார். அவர் காலம் 7ஆம் நூற்றாண்டு. அந்தக் கடலாட்டைக் கால் நனைய நின்று பார்க்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த விழாவில் என்னை மிகவும் ஈர்த்தது வீட்டுக்காரர்களும் விருந்தாளிகளும் யார் என்பதுதான். பெரிய கோயில்கள் எல்லாம் உள்நாட்டில் இருக்கின்றன. கடல் குப்பத்தில் இருக்கிறது. வருஷத்தில் இந்த நாள் சாமி மீனவர் வாசலுக்கு வர வேண்டும். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் இது இன்னும் நெருக்கம். அங்கே மாசி மகத்துக்கு வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் மாப்பிள்ளை என்றே வரவேற்கிறார்கள். தாயார் பத்மினி மீனவர் குலத்துப் பெண் என்பது ஐதீகம். கடலூர் மாவட்டத்துக் கிள்ளைக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகரை தர்காவின் முன் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். இந்தக் கரை நெடுக இப்படித்தான்.

வைத்திக்குப்பத்தில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், இத்தனை பேருக்கும் நீங்களே கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "எங்க வாசலுக்கு வந்த சாமிங்க தம்பி, நாங்கதான பாத்துக்கணும்" என்றார். அப்புறம் கடலுக்குள் கையைக் காட்டி, "நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப அதோ அங்க வரைக்கும் மணலு. சாமிங்க அங்கதான் நிக்கும்" என்றார். அவர் காட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது.

அவர் சொன்னதற்குக் காரணம் ஊரறிந்தது. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஊருக்குத் தெற்கே, 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கல் தடுப்புகள் அந்த மணலைத் தடுத்துவிட்டன. வடக்கே கரை அரித்துப் போயிற்று. அலையைத் தாங்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018இல் கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டுக்குப் பிறகு அந்தப் பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அங்கே கால் நனைக்கிறார்கள், நல்லதுதான். அதே அக்கறை குப்பங்களுக்கும் வேண்டும். படகை ஏற்றி வைக்கவும் வலை காயவைக்கவும் அவர்களுக்கு மணல் வேண்டும், சாமிக்கும் வேண்டும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பாறைகள் இருக்கும் இடத்தில் கடலில் இறங்க வேண்டாம், குப்பத்து ஆட்கள் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் சாமிகளைப் பார்த்துவிடுவது உத்தமம். அன்று தவறவிட்டாலும் கவலை வேண்டாம், எல்லாச் சாமியும் உடனே ஊர் திரும்புவதில்லை. நகரத் தெருக்களில் வீதியுலா வந்து, உபயதாரர்களின் மண்டகப்படி ஏற்றுக்கொண்டு, மெதுவாகத்தான் கிளம்புவார்கள்.